சாப்பாட்டு நேரத்தில் போன் வேண்டாம் என்றால் மகன் முறைக்கிறான்

சாப்பாட்டு நேரத்தில் போன் கூடாது என்ற விதியைக் கைவிட வேண்டாம், அதை உத்தரவுபோல் அறிவிப்பதை மட்டும் நிறுத்துங்கள். மூன்று வாரமாகியும் 13 வயது மகன் கேட்கவில்லை என்கிறீர்கள். அலுவலகத்தில் மாற்றம் கொண்டுவந்தபோது குழுவிடம் முதலில் கருத்துக் கேட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் கேட்டீர்களா? பெரும்பாலும் அங்கேதான் இடறுகிறது. (நானும் சுற்றறிக்கை வாசிப்பதுபோல் சொல்லிவிட்டு, மகள் முறைத்ததும் கோபப்பட்டவன்தான்.)

ஒரு வாரம் உங்கள் போனை வேறு அறையில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்காருங்கள். எத்தனை முறை கை தேடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். அப்புறம் போனை ஒதுக்கி வைப்பது எந்த நேரம், எவ்வளவு நேரம் என்பதை அவனையே சொல்லச் சொல்லுங்கள்.

மூன்று வாரம் குறைவு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி 2009இல் வெளியிட்ட ஆய்வில், பழக்கம் படிய ஆன காலம் சராசரி 66 நாள், ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை.

அவன் தூக்கம் கெட்டு, எல்லோரிடமும் ஒதுங்கியிருந்தால் சங்கதி போன் இல்லை. முதலில் அதைப் பேசுங்கள்.