ருபெல்லா ஐஜிஜி நெகட்டிவ் வந்தால்

சகோதரி, குழந்தைக்குத் திட்டமிடும்போது ருபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) ஐஜிஜி, அதாவது எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை, நெகட்டிவ் என்று வந்ததில் பயந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நோய் இருக்கிறது என்று அதற்கு அர்த்தமில்லை. எதிர்ப்புச் சக்தி இல்லை, அவ்வளவுதான். இப்போதே தெரிந்தது நல்லதுதான். ருபெல்லாவுக்கான எம்எம்ஆர் தடுப்பூசியில் இருப்பது வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ். கர்ப்பமான பிறகு போட மாட்டார்கள். அதனால் மருத்துவரிடம் சொல்லி இப்போதே போட்டுக்கொண்டு, அப்புறம் 28 நாளாவது கர்ப்பத்தைத் தள்ளிப்போடுங்கள். ஊசிக்கு முன் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்வது முக்கியம். கர்ப்பத்தின் முதல் 12 வாரத்தில் ருபெல்லா தொற்று வந்தால்தான் குழந்தையின் கண், காது, இதயத்துக்கு ஆபத்து மிக அதிகம். லேபில் டார்ச் பேனல் (ருபெல்லா உட்படச் சில தொற்றுகளுக்கான ரத்தப் பரிசோதனைத் தொகுப்பு) முழுவதையும் எடுக்கச் சொன்னால் எதற்கு என்று கேளுங்கள். அதில் வரும் ஐஜிஎம் (அண்மையில் தொற்று வந்ததா என்று பார்ப்பது) சில நேரம் பொய்யாகவும் பாசிட்டிவ் காட்டும். உங்களுக்குச் சின்னம்மை வந்ததுண்டா? இல்லையென்றால் வாரிசெல்லா (சின்னம்மை) ஐஜிஜியும் பார்த்துவிடுங்கள், அதற்கும் ஊசி இருக்கிறது.