துப்பாக்கி எண்ணெயை சைக்கிள் செயினுக்கு விடலாமா?

தாத்தாவின் உரிமத் துப்பாக்கிக்கு வாங்கிய எண்ணெயும் தையல் மெஷின் எண்ணெயும் வீட்டில் சும்மா கிடக்கின்றன, சைக்கிளுக்கு விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக விடலாம். இரண்டுமே மெல்லிய எண்ணெய். துப்பாக்கி எண்ணெய் துருவையும் தடுக்கும்.

என் அப்பா மன்னார்குடிப் பக்கம் தையல்காரர். தைத்த துணிகளை கேரியரில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கொடுத்துவிட்டு வருவார். மழை இல்லாத மாதங்களில் அவர் சைக்கிள் செயின் கண்டதெல்லாம் தையல் மெஷின் எண்ணெய்தான். ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பழைய பிரஷை மண்ணெண்ணெயில் தோய்த்து செயினைத் தேய்ப்பார். நன்றாகக் காய்ந்த பிறகு ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விடுவார். பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிவிட்டு, வெளியே நிற்கும் எண்ணெயை வெட்டுத்துணியால் சுத்தமாகத் துடைத்துவிடுவார். எண்ணெய்க்கு வேலை கண்ணிக்கு உள்ளேதான், வெளியே நின்றால் புழுதியைத்தான் பிடிக்கும் என்பார். தை அறுவடையில் களத்துத் தூசி எண்ணெயோடு சேர்ந்தால் உப்புத்தாள் போலப் பல்சக்கரத்தைத் தேய்த்துவிடும்.

அந்த சைக்கிளில் ஓடித்தான் எங்களைப் படிக்கவைத்தார். போன வருடம் கியர் சைக்கிள் விற்கும் ஒரு கடையில், அவர் முகத்துக்கு நேராகவே "தையல் மெஷின் ஆயிலா? செயின் போச்சு பெரியவரே" என்று சிரித்தார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

சைக்கிளுக்கென்றே விற்கும் எண்ணெய் மட்டம் என்று நான் சொல்லவில்லை. காசு இருந்தால் வாங்குங்கள், அது அதிக நாள் நிற்கும். மெல்லிய எண்ணெய் சீக்கிரம் தெறித்துப்போகும், ஐப்பசி மழையில் ஒரே நாளில் கழுவிக்கொண்டு போய்விடும். அதனால்தான் அடைமழைக் காலத்தில் மட்டும் அப்பா பைக் என்ஜினுக்கு ஊற்றும் கெட்டியான 20டபிள்யூ-40 ஆயிலுக்கு மாறிவிடுவார். புது ஆயில்தான். வண்டியிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலில் கரியும் இரும்புத் தூளும் இருக்கும், அதைத் தொடவே மாட்டார்.

உண்மையில் செயினைக் கெடுப்பது ரோடுதான். எங்கள் ஆற்றங்கரைச் சாலையில் சல்லியைக் கொட்டிவிட்டுப் போனவர்கள் தார் போடத் திரும்பி வரவேயில்லை. பிளஸ் ஒன்னில் அரசு தந்த சைக்கிளில் பிள்ளைகள் அந்தச் சல்லியில்தான் சறுக்கிச் சறுக்கிப் பள்ளிக்கூடம் போகிறார்கள். கார் போகிற ரோடாக இருந்தால் இப்படி விடுவார்களா?

சரி, எண்ணெய்க்கு வருகிறேன். சமையல் எண்ணெய் எதுவும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும், மார்கழிக் காலையில் செயினிலேயே கட்டிப்போகும். நல்லெண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் நாளடைவில் பிசினாகிவிடும்.

அப்புறம், பாட்டிலில் இருப்பது எண்ணெய்தானா, துப்பாக்கிக் குழாயைச் சுத்தம் செய்யும் திரவமா என்று லேபிளைப் பாருங்கள். சுத்தம் செய்யும் திரவம் என்றால் இருக்கிற எண்ணெயையும் கரைத்துவிடும். எண்ணெய்தான் என்றாலும் பழசு என்பதால் ஒரு சொட்டை விரலில் தேய்த்துப் பார்த்து, பிசுபிசுவென்று ஒட்டினால் கொட்டிவிடுங்கள். நன்றாக இருந்தால் செயின், பிரேக் கம்பி, பிரேக் லீவர், ஃப்ரீவீல் எல்லாவற்றுக்கும் விடலாம். சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பிலும் பெடல் அச்சிலும் விடாதீர்கள், உள்ளே இருக்கும் கிரீஸ் கரைந்து பால்ஸ் குண்டுகள் தேய்ந்துபோகும். அங்கே கிரீஸ்தான், வண்டியை முழுசாகக் கழற்றி ஓவர்ஹால் பண்ணும்போது வைத்தால் போதும். ரிம்மிலும் பிரேக் கட்டையிலும் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது.