திரைந்தால் திரையட்டும்

கேள்வி: என் மகன் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் நிற்கிறான். சமையல் பழக ஆசைப்படுகிறான். சின்ன வயதுக்காரருக்கு ஏற்ற நல்ல சமையல் புத்தகம் ஒன்று சொல்ல முடியுமா? ‘ஆம்பிளைப் பிள்ளைக்குக் குசினிக்குள்ள என்ன வேலை’ என்று என் அம்மா ஏசிக்கொண்டிருக்கிறார். அவருக்கு என்ன சொல்வது?
– ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, ‘பழக’ என்று சரியாக எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே புத்தகம் கேட்கிறீர்களே! நம் ஊரில் யாரும் சமையல் ‘படிக்கிறேன்’ என்று சொல்வதில்லை. சைக்கிள் பழகுகிறோம், நீச்சல் பழகுகிறோம், சமையல் பழகுகிறோம். புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டாரோடும் பழகுகிறோம். எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். பக்கத்து வீட்டாரைப் பற்றி நூறு பக்கம் வாசித்தாலும் அவர்களோடு பழகியதாகுமா? முற்றத்தில் போய் நின்று, நாலு வார்த்தை பேசி, ஒரு நாள் மனஸ்தாபப்பட்டு, மறுநாள் ஒரு கிண்ணம் கறி கொடுத்தனுப்பினால்தான் பழக்கம். நெருப்போடும் உப்போடும் தேங்காயோடும் உங்கள் மகன் அப்படித்தான் பழக வேண்டும்.

‘குசினி’ என்று எழுதியதற்கும் உங்களுக்கு நன்றி. இந்தப் பக்கத்தில் நான் அந்தச் சொல்லை எழுதும்போதெல்லாம் ‘சமையலறை’ என்று திருத்தி ஒரு கடிதம் வரும். குசினி போர்த்துக்கேயச் சொல், தமிழ் இல்லை என்பார்கள். உண்மைதான். மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்கள், பத்தே வருடத்தில் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்தார்கள். கோட்டை கைமாறினாலும் குசினி நம்மோடு நின்றுவிட்டது. பாண், கோப்பை, வாங்கு, துவாய் என்ற சொற்களும் அவர்கள் தந்தவைதான். அமெரிக்கக் கண்டத்துக் கொச்சிக்காயே, அதுதான் மிளகாய், அவர்களுடைய கப்பலில்தான் நம் பக்கம் வந்தது. கொச்சித் துறைமுகத்தின் பெயரோடு நம் சட்டிக்குள் விழுந்தது. குசினி வேண்டாம் என்கிறவர் அன்றைக்குக் கறியை மிளகு போட்டுத்தான் ஆக்க வேண்டும். என் அம்மா ஆயுள் முழுக்கப் புழங்கிய சொல் அது. நான் விடமாட்டேன்.

சரி, புத்தகத்துக்கு வருவோம். எனக்குச் சமையல் பழக்கியது 1978ஆம் ஆண்டுச் சூறாவளி.

நவம்பர் 23 இரவு. எனக்குப் பதினாலு வயது. விடிந்தபோது எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை. ஓடு விழுந்து அம்மாவின் வலது கை முறிந்திருந்தது. முறிவு வைத்தியர் பத்துப் போட்டு, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டிவிட்டார். குசினி இருந்த இடத்தில் சுவர்தான் நின்றது. முற்றம் முழுக்கத் தேங்காய். மரமெல்லாம் சாய்ந்து கிடந்ததால் பறிக்க யாரும் ஏற வேண்டியிருக்கவில்லை. அதற்குப் பிறகு வருடக்கணக்கில் தேங்காய்க்குத் திண்டாடினோம். புதுக் கன்று காய்க்க ஆறேழு வருடம் எடுக்கும் அல்லவா? ஆனால் அந்தக் கிழமைகளில் தேங்காய் மட்டும் தாராளமாக இருந்தது.

மூன்று கல் வைத்து அடுப்பு. விறகு எல்லாம் ஈரம். தென்னம்பாளையை உரித்து உள்பக்கத்துக் காய்ந்த நாரை எடுத்து மூட்டச் சொன்னார் அம்மா. முதல் இரண்டு நாளும் கஞ்சி. மூன்றாம் நாள் சொதி வைக்கச் சொன்னார். அம்மா பாயில் இருந்தபடி சொல்லச் சொல்ல, நான் தேங்காய் துருவிப் பிழிந்தேன். தலைப்பாலை ஒரு சட்டியிலும் கடைப்பாலை இன்னொன்றிலும் எடுத்தேன். கடைப்பாலில் வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், கறிவேப்பிலை, கொஞ்சம் வெந்தயம், மஞ்சள், உப்பு. வெங்காயம் வெந்ததும் தலைப்பாலை விட்டு, அகப்பையால் அள்ளி அள்ளி ஊற்றினேன். ஓரத்தில் நுரை கட்டி, வாசம் எழும்பிவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். அப்படியே தேசிக்காயை வெட்டி, அடுப்பில் கொதிக்கக் கொதிக்கப் பிழிந்துவிட்டேன்.

பால் திரைந்துவிட்டது. மேலே வெள்ளைத் துணுக்குகள், கீழே மஞ்சள் தண்ணீர். தேங்காய்ப்பாலில் எண்ணெயும் நீரும் கலந்து நிற்கிற பிடிப்பு அப்படி ஒன்றும் உறுதியானதில்லை. பலமான கொதியே அதைத் தளர்த்தும். அந்த நேரத்தில் புளிப்பும் விழுந்தால் விட்டுப்போகும். இந்தக் காரணமெல்லாம் பின்னாளில் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, அவ்வளவு தேங்காயும் பாழ் என்பதுதான். அழுகை வந்துவிட்டது.

‘திரைஞ்சாத் திரையட்டும் மகன். ஊத்து, சாப்பிடுவம்’ என்றார் அம்மா. சாப்பிட்டோம். மறுநாள் சட்டியை இறக்கி, கொதி அடங்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு புளி விட்டேன். நாற்பது வருடத்துக்கு மேலாகிறது, அதன் பிறகு ஒரு நாளும் எனக்குச் சொதி திரைந்ததில்லை.

கை சரிவந்து அம்மா திரும்ப அடுப்படிக்கு வந்த நாளில், ஒரு விஷயம் கேட்டேன். நான் தேசிக்காயை வெட்டும்போது அவர் பார்த்துக்கொண்டுதானே இருந்தார், ஏன் தடுக்கவில்லை? ‘தடுத்திருந்தா நாளைக்கும் நான் சொல்லோணும்’ என்றார்.

எந்தப் புத்தகம், தங்கச்சி, பிள்ளை தேசிக்காயை வெட்டும்போது வாயை மூடிக்கொண்டு பார்த்திருக்கும்? ‘உப்பு – தேவையான அளவு’ என்று எழுதுகிற புத்தகங்கள்தான் கடையில் இருக்கின்றன. அந்தத் தேவையை நாக்குத்தான் சொல்ல வேண்டும். உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு, நக்கிப் பார்த்து, இன்னும் ஒரு கிள்ளு போட்டு, திரும்ப நக்கிப் பார்த்துத்தான் நாக்குப் பழகும். சோற்றுக்கு அரிசிக்கு மேலே ஒரு விரல் கணு தண்ணீர் என்பார்கள். அதுகூட வீட்டுக்கு வீடு, அரிசிக்கு அரிசி மாறும். பழைய நெல் அரிசி தண்ணீரைக் கூடுதலாகக் குடிக்கும், புது அரிசிக்கு அவ்வளவு விட்டால் குழைந்துபோகும். உங்கள் வீட்டு அரிசி எது, உங்கள் பானை எது என்று எந்த எழுத்தாளருக்குத் தெரியும்?

இனி உங்கள் அம்மாவின் கேள்வி. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் தீமிதிப்புக்கு முன் பாண்டவர் வனவாசம் போவதை வருடா வருடம் கண்ணீர் விட்டுப் பார்க்கிறோம். அந்த வனவாசம் முடிந்து மறைந்திருந்த வருடத்தில் வீமன் என்ன செய்தான்? விராட ராசாவின் மடைப்பள்ளியில் சமைத்தான். இதை அம்மாவிடம் சொல்லலாம். ஆனால் இதைவிடப் பெரிய காரணம் நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. பெண் பிள்ளைக்கு ஏன் சமையல் பழக்குகிறோம் என்று கேட்டால், ‘போற வீட்டில குறை சொல்லக் கூடாதே’ என்கிறோம். மட்டக்களப்பில் போகிறது யார்? நாம் வீட்டைப் பெண்ணுக்கல்லவா கொடுக்கிறோம்! குடியையே, அதாவது வம்சத்தையே, தாய் வழியில் சொல்கிற ஊர் இது. பெண் பிள்ளை பிறந்த வளவிலேயே இருக்கிறாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இன்னொரு வீட்டுக் குசினியை நம்பிப் போகிறவன் ஆம்பிளைப் பிள்ளை. அவனுக்கல்லவா முதலில் பழக்கியிருக்க வேண்டும்? இத்தனை தலைமுறையாக இதை நாம் தலைகீழாகச் செய்துவருகிறோம் என்று நான் மனதாரச் சொல்கிறேன்.

உங்களைத் தங்கச்சி என்று கூப்பிட்டதால் உங்கள் மகன் எனக்கு மருமகன். மாமன் உரிமையில் ஒன்று சொல்கிறேன். புத்தகத்துக்கு வைத்த காசில் ஒரு மண்சட்டியும் இரண்டு தேங்காயும் வாங்குங்கள். உங்கள் அம்மாவுக்குக் குசினி வாசலில் ஒரு வாங்கு எடுத்துப் போடுங்கள். ‘ஆம்பிளைப் பிள்ளைக்கு என்ன வேலை’ என்று தொடங்குகிறவர், பேரன் வெங்காயத்தைத் தடிப்பாக வெட்டுவதைப் பார்த்ததும் ‘அப்பிடியில்லடா, மெல்லிசா அரி’ என்பார். அதற்குப் பிறகு அவர் ஏசுவதெல்லாம் அவனுக்குப் பாடம்தான். அவன் கொதிக்கிற சொதிக்கு மேலே தேசிக்காயைப் பிடித்தால் மட்டும், அம்மாவும் நீங்களும் அந்த நேரம் பேசாமல் இருங்கள்.