பல வருடமாகக் கார் ஓட்டுகிறேன், இதுவரை பெரிய விபத்து எதுவும் இல்லை. டிஃபென்சிவ் டிரைவிங், அதாவது ஆபத்தை முன்கூட்டியே கணித்து ஓட்டும் முறை, அதைச் சொல்லித் தரும் வகுப்புக்குப் பணம் கட்டிப் போவதால் எனக்கு உண்மையில் பயன் உண்டா?

உண்டு. ஆனால் எந்த மாதிரி வகுப்பு, முடித்த பிறகு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்ற இரண்டையும் பொறுத்த விஷயம் அது.

நான் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். வேலை விஷயமாக விழுப்புரம், திருச்சி என்று அடிக்கடி காரில் போக வேண்டியிருக்கும். அப்படி வெளியூர் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் இந்தப் பயிற்சியை முடித்தாக வேண்டும் என்பது எங்கள் கம்பெனி விதி. அதனால்தான் போனேன்.

நம் ஊர் டிரைவிங் ஸ்கூலில் கிளட்ச், கியர், ரிவர்ஸ், மேட்டில் நிறுத்தி எடுப்பது எல்லாம் சொல்லித் தருகிறார்கள். அதாவது வண்டியை எப்படி நகர்த்துவது, எப்படி நிறுத்துவது என்று. ரோட்டை எப்படிப் பார்ப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. ஒரு நல்ல டிஃபென்சிவ் டிரைவிங் வகுப்பில் பணம் கட்டி வாங்குவது அந்தப் பார்வையைத்தான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

எங்களுக்கு அதைப் பழக்கிய விதம் இது. பயிற்சியாளர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்வார். நாம் ஓட்டிக்கொண்டே, கண்ணில் படுவதையும் அது அடுத்து என்ன செய்யக்கூடும் என்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிரிட்டன் போலீஸ் டிரைவர்களுக்குப் பல பத்தாண்டுகளாகக் கொடுக்கப்படும் பயிற்சி. மாமண்டூர் பாலம் தாண்டி படாளம் பக்கம் போகும்போது நான் சொன்னது கிட்டத்தட்ட இப்படி இருந்தது: “இடதுபக்கம் ஷேர் ஆட்டோ, ஆள் இறங்குகிறார், ஆட்டோ எந்த நேரமும் கிளம்பலாம். முன்னால் லாரி, ஒரு பிரேக் லைட்தான் எரிகிறது. மீடியன் இடைவெளியில் ஒரு டிவிஎஸ் எக்ஸெல், பின்னால் புல்லுக்கட்டு.” உடனே அவர் கேட்டார்: “அந்த எக்ஸெல்காரர் உங்களைப் பார்த்தாரா?”

“தெரியலையே சார்.”

“அப்ப பார்க்கலைன்னு வெச்சுக்கிட்டு ஓட்டுங்க.”

பிரேக் போடச் சொல்லவில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து பிரேக் மேல் வைத்துக்கொள்ளச் சொன்னார், அவ்வளவுதான். அந்த எக்ஸெல்காரர் குறுக்கே வந்திருந்தால் அந்த அரை வினாடி, ஒரு வினாடி முன்தயார்தான் அவரையும் என்னையும் காப்பாற்றியிருக்கும்.

இந்தப் பயிற்சியில் எல்லாருக்கும் முதலில் ஒன்று நடக்கும். வாய் பின்தங்கிவிடும். ஆட்டோ என்று சொல்லி முடிப்பதற்குள் ஆட்டோவைத் தாண்டியிருப்போம். பார்வை பானட்டுக்குச் சற்று முன்னாலேயே நிற்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். கொஞ்ச தூரம் போனதும் கண் தானாக இருநூறு, முந்நூறு மீட்டர் தள்ளிப் பார்க்க ஆரம்பிக்கும், வாயும் நிதானத்துக்கு வரும். கண் தூரம் போனதுமே வேகத்தில் ஓர் அமைதி வந்துவிடுகிறது. சடாரென்று பிரேக் போட வேண்டிய தேவையே குறைகிறது.

அடுத்தது இடைவெளி. கணக்கைப் பாருங்கள். 80 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைப் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்கில் அழுந்த ஒன்றரை வினாடி ஆகிறது என்று வையுங்கள், 33 மீட்டர் போய்விட்டது. அதற்கப்புறம் காய்ந்த ரோட்டில், நல்ல டயரில் நிற்க இன்னும் 35 மீட்டருக்கு மேல். மொத்தம் 70 மீட்டர். 100 கி.மீ. வேகத்தில் இதே கணக்கு 100 மீட்டரைத் தொடுகிறது. மழை பெய்திருந்தால் இரண்டுமே இன்னும் நீளும். அதனால்தான் முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் குறைந்தது மூன்று வினாடி என்கிறார்கள். முன்வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டும்போது எண்ண ஆரம்பித்து, நாம் அதே கம்பத்துக்கு வர எவ்வளவு ஆகிறது என்று பார்த்தால் போதும். மீட்டர் கணக்குப் போட வேண்டியதில்லை.

இதைச் சொன்னதும் எங்கள் வகுப்பிலும் அந்தக் கேள்வி வந்தது: “சார், நம்ம ரோட்ல அவ்வளவு இடம் விட்டா இன்னொருத்தன் நுழைஞ்சிடுவானே?” நுழையட்டும். காலை லேசாக எடுத்தால் மறுபடி மூன்று வினாடி கிடைத்துவிடும். திருச்சி போய்ச் சேர்வதற்குள் பத்துப் பேர் நுழைந்தாலும் மொத்தம் அரை நிமிடம்தான் தாமதம். இந்தப் பதிலைக் கேட்ட பிறகு, ரோட்டில் யாராவது குறுக்கே நுழைந்தால் எனக்கு வரும் கோபமே குறைந்துவிட்டது.

பிரேக் பயிற்சி ஒரு காலி மைதானத்தில், தரையில் தண்ணீர் விட்டு நடந்தது. நம்மில் பெரும்பாலானவர்கள் ஒரு தடவைகூட பிரேக்கை முழு பலத்தோடு மிதித்ததே இல்லை. இப்போது வரும் கார்களில் எல்லாம் ஏபிஎஸ் இருக்கிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், அதனால் பிரேக்கில் இருக்கும்போதே ஸ்டியரிங்கைத் திருப்பி விலகலாம். ஆனால் அது வேலை செய்யும்போது பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிரும், சத்தமும் கேட்கும். எங்களோடு வந்த ஓர் அக்கா, “ஏதோ உடைஞ்சிடுச்சு சார்” என்று பயந்து காலை எடுத்துவிட்டார். நிஜ ரோட்டில் அந்த இடத்தில் காலை எடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டாவது முறை அவர் அதிர அதிர அழுத்திப் பிடித்துக்கொண்டு கோனைச் சுற்றி அழகாக வெளியே வந்தார். ஏபிஎஸ் எப்படி நடுங்கும் என்று காலுக்கு ஒருமுறை தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் வண்டியை வழுக்கவிட்டு, திருப்பிப் பிடிக்கும் வித்தையைப் பெருமையாக விளம்பரம் செய்யும் வகுப்பு என்றால் எனக்குத் தயக்கம் உண்டு. நார்வேயில் இந்த மாதிரிப் பயிற்சியைப் புதிய ஓட்டுநர்களுக்குக் கட்டாயமாக்கிப் பார்த்தபோது, இளைஞர்களுக்கு வழுக்குத் தரையில் விபத்து கூடியதாகத்தான் ஆய்வு சொன்னது. சமாளித்துவிடலாம் என்ற தைரியம் வேகத்தைக் கூட்டிவிடுகிறது.

உட்காரும் விதத்துக்கு அரை மணி நேரம் செலவழித்தார்கள், அது வீண் இல்லை. முதுகு சீட்டில் பட்டிருக்கும்போது மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படிய வேண்டும். நெஞ்சுக்கும் ஏர்பேக்குக்கும் நடுவே 25 செ.மீ. அளவாவது இடம் வேண்டும். பின் சீட்டிலும் பெல்ட். 2022 செப்டம்பரில் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்தில், பின் சீட்டில் இருந்த இருவரும் பெல்ட் போட்டிருக்கவில்லை. அவ்வளவு விலை உயர்ந்த காரிலும் அதுதான் நிலைமை. வீட்டில் பாட்டி “எனக்கு எதுக்குப்பா, மூச்சு முட்டுது” என்றாலும் விடாதீர்கள்.

இரவு ஓட்டத்தைப் பற்றிச் சொன்னதுதான் எனக்கு மிகவும் உறைத்தது. லோ பீம் வெளிச்சத்தில், லைட் இல்லாமல் நிற்கும் லாரியோ கரும்பு டிராக்டரோ கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது ஐம்பது மீட்டர் சுமாருக்குத்தான். 80-ல் நிற்க எழுபது மீட்டர் வேண்டும் என்று மேலே பார்த்தோம். அப்படியானால் அந்த வேகத்தில் நாம் இருட்டுக்குள் ஓட்டுகிறோம் என்று அர்த்தம். எதிரே வண்டி இல்லாதபோது ஹை பீம், வந்தால் லோ பீமோடு வேகத்தையும் குறைப்பது. வேறு வழி கிடையாது.

அப்புறம் தூக்கம். எந்த வகுப்பும் தூக்கத்தை வெல்லக் கற்றுத் தராது. கல்யாணம் முடித்து, பாத்திரம் பண்டம் எல்லாம் ஏற்றிவிட்டு, “விடியறதுக்குள்ள ஊர் போயிடலாம்” என்று கிளம்புவதை நம் குடும்பங்கள் நிறுத்த வேண்டும். பகல் முழுக்க ஓடியாடியவரை இரவில் ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லாதீர்கள். வாடகை வண்டி டிரைவராக இருந்தால் அவர் படுக்க ஓர் இடம் கேட்டு வாங்கிக் கொடுங்கள். டீயும் பாட்டும் ஒரு அரை மணி நேரத்தைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் பணத்துக்கு வருகிறேன். ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கான பயிற்சிகளைப் பற்றிய 24 பரிசோதனைகளை, ஆய்வு முடிவுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு 2003-ல் தொகுத்துப் பார்த்தது. அவை விபத்தைக் குறைப்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இதை மறைத்து உங்களுக்குப் பரிந்துரை செய்வது நியாயம் இல்லை. நான் புரிந்துகொண்டது என்னவென்றால், வகுப்பில் தெரிந்துகொண்டது பழக்கமாக மாறாவிட்டால் சான்றிதழ் மட்டும்தான் மிஞ்சும். அதனால்தான் இப்போதும் வாரத்தில் ஒரு நாளாவது, தனியாகப் போகும்போது, பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லியபடி ஓட்டுகிறேன்.

சேருவதற்கு முன் இதைக் கேளுங்கள்: நான் எவ்வளவு நேரம் ஸ்டியரிங்கில் இருப்பேன்? ஒரு காரில் எத்தனை பேர்? நிஜ டிராஃபிக்கில் கூட்டிப் போவீர்களா, என் சொந்தக் காரில் ஓட்டலாமா? ஏசி அறையில் விபத்து வீடியோ காட்டி முடித்துவிடும் வகுப்பு என்றால் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் கண் எங்கே போகிறது என்று கவனிக்கும் பயிற்சியாளர் கிடைத்தால், தயங்காமல் சேருங்கள். அப்படி ஒருவர் உங்கள் ஊரில் இல்லையென்றால், வாய்விட்டுச் சொல்லும் பயிற்சியை நாளை காலையே கூட்டம் இல்லாத ரோட்டில் தொடங்கலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.