மீண்டும் அந்த வீட்டுக்கே – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

குடும்ப வன்முறையாலும் பாலியல் வன்முறையாலும் பாதிக்கப்பட்டவர்களுக்குத் துணைநிற்கும் ஓர் அமைப்பில் ஆதரவுப் பணியாளராக இருக்கிறேன். நீங்களும் நெடுங்காலம் இந்தப் பணியில் இருந்தவர் என்பதால் எழுதுகிறேன். சென்ற மாதம் ஒரு பெண்ணுக்குப் பெரும்பாடு பட்டுக் காப்பகத்தில் இடம் வாங்கிக் கொடுத்தேன். பாதுகாப்பு ஆணைக்கான மனுவும் தயாராக இருந்தது. சில நாட்களிலேயே அவர் கணவரிடம் திரும்பிப் போய்விட்டார். எனக்கு அவர் மீது கோபம்தான் வந்தது. அவரை அழைத்துப் பேசலாமா? இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசிப் பார்க்கலாம் என்று இங்கே மூத்தவர் ஒருவர் சொல்கிறார். அது சரியா? பாலியல் வன்முறை வழக்குகளிலும் இப்போது என்னை அனுப்பத் தொடங்கியிருக்கிறார்கள். இரவில் தூக்கம் வருவதில்லை. இந்த வேலைக்கு நான் லாயக்கில்லையோ என்று தோன்றுகிறது.

க.

அன்புள்ள க.,

உடனடியாகச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்களாக அவரை அழைக்காதீர்கள். எந்த எண்ணில், எந்த நேரத்தில், யார் என்று சொல்லிக்கொண்டு அழைக்கலாம் என அவர் முன்பே சொல்லியிருந்தால், அந்த ஏற்பாட்டின்படி மட்டும் அழையுங்கள். எடுத்தவுடன் "இப்போது பேச முடியுமா? ஆம், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அப்படியொரு ஏற்பாடு இல்லையென்றால், அந்தத் தொலைபேசி இந்த நிமிடம் யார் கையில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. நலம் விசாரித்து நீங்கள் அனுப்பும் ஒரு குறுஞ்செய்தி போதும், எங்கே போயிருந்தாய், யாரிடம் என்னென்ன சொன்னாய் என்ற விசாரணை அந்த வீட்டில் தொடங்குவதற்கு.

இருவரையும் சேர்த்து உட்காரவைப்பது கூடவே கூடாது. ஒருவருக்கு மற்றவரைக் கண்டு பயமில்லாத இடத்தில்தான் சமரசப் பேச்சுக்குப் பொருள் உண்டு. கணவர் எதிரே இருக்கும்போது அந்தப் பெண் உண்மையைச் சொன்னால் அதற்கான தண்டனை வீட்டில் காத்திருக்கும். சொல்லாவிட்டால், பெரிதாக ஒன்றுமில்லை என்று உங்கள் கோப்பிலேயே பதிவாகி, பின்னொரு நாள் நீதிமன்றத்தில் அவருக்கு எதிராகவே அது எடுத்து வாசிக்கப்படலாம். உங்கள் மூத்தவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இந்தத் துறையில் நல்லெண்ணம் செய்திருக்கும் சேதமும் கொஞ்சநஞ்சமல்ல.

இனி உங்கள் கோபம். லண்டனின் சிஸ்விக் பகுதியில் எரின் பிஸ்ஸி 1971இல் தொடங்கிய இல்லம் நவீன காப்பகங்களில் மிக முந்தையவற்றுள் ஒன்று. அதன்பின் எத்தனையோ நாடுகளில் காப்பகங்கள் வந்துவிட்டன. வந்தவர்களில் பலர் திரும்பிப் போவதையும், ஒன்றுக்கு மேற்பட்ட முறை போய்வந்த பிறகே நிலையாக விலகுவதையும், காப்பகத்தில் வேலை பார்த்த எவரும் அறிவார். ஏன் போகிறார்கள் என்பதற்கு அமெரிக்காவின் டுலூத் நகரில், அடிபட்ட பெண்கள் குழுக்களில் கூடிச் சொன்னவற்றைத் திரட்டி 1984இல் வரையப்பட்ட 'அதிகாரச் சக்கரம்' என்ற சக்கர வடிவப் படத்தில் பாதி விடை இருக்கிறது. அதில் அடியும் பாலியல் வன்முறையும் வெளிவட்டத்தில்தான் இருக்கின்றன. உள்ளே ஆரங்களாக நிற்பவை பணத்தைக் கையில் வைத்துக்கொள்வது, உறவுகளிலிருந்து பிரித்துத் தனிமைப்படுத்துவது, பிள்ளைகளைக் காட்டி மிரட்டுவது, செய்ததைச் செய்யவேயில்லை என்று சாதிப்பது போன்றவை. வெளிவட்டத்திலிருந்து மட்டும்தான் நீங்கள் அவரை வெளியே கொண்டுவந்தீர்கள்; ஆரங்கள் அப்படியே இருந்தன.

மீதிப் பாதி விடை பயம். பிரிந்து செல்லும் நேரமும் அதையடுத்த மாதங்களும்தான் மிக ஆபத்தானவை. துணைவரால் கொல்லப்படும் பெண்களில் பலர் விலக முயலும்போதோ, விலகிய சில மாதங்களுக்குள்ளோ கொல்லப்படுகிறார்கள். கூடவே இருக்கும்போது அந்த மனிதரின் காலடி ஓசையை வைத்தே அன்றைய இரவு எப்படிப் போகும் என்று அந்தப் பெண்ணால் கணிக்க முடிந்தது. காப்பகத்தில் இருக்கும்போது கணவர் எங்கே இருக்கிறார், என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று தெரியவில்லை. அறிவீனம் என்று நாம் நினைக்கும் திரும்பிப் போதல், பல நேரங்களில் உயிரோடு இருப்பதற்காகப் போட்ட கணக்கு. அந்தக் கணக்கு எப்போதும் சரியாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை. அதைச் சேர்ந்து போட்டுப் பார்ப்பது நம் வேலை. விடையை நாமே எழுதிக் கொடுப்பது நம் வேலை இல்லை. அவருடைய ஒவ்வொரு நாளையும் ஏற்கெனவே வேறொருவர் தீர்மானித்துக்கொண்டிருக்கிறார். அந்த இடத்தில் போய் நீங்கள் உட்கார்ந்தால், அன்பான இன்னொரு எசமானர் அவருக்குக் கிடைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

சேர்ந்து கணக்குப் போட ஒரு கருவி உண்டு. செவிலியரும் ஆய்வாளருமான ஜாக்குலின் கேம்பெல் 1980களில் உருவாக்கிய ஆபத்து மதிப்பீட்டுப் படிவம் இன்று பல நாடுகளில் பயன்பாட்டில் இருக்கிறது. அதன் கேள்விகளுக்கு முன்னால் ஒரு நாட்காட்டி வருகிறது. கடந்த ஓராண்டில் அடி விழுந்த நாட்களை அந்தப் பெண்ணே குறித்து, ஒவ்வொன்றின் கடுமையையும் எண்ணால் எழுத வேண்டும். "எப்போதாவதுதான், கோபம் வந்தால் மட்டும்தான்" என்று சொல்லிக்கொண்டே பென்சிலை எடுத்தவர், பிள்ளையின் பிறந்தநாள், தேர்வு வாரம் என்று ஒவ்வொன்றாக நினைவு கூர்ந்து குறித்துக்கொண்டே வந்து, கடைசி மூன்று மாதங்களில் குறிகள் நெருங்கியிருப்பதைக் கண்டு பென்சிலைக் கீழே வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்போது நான் ஒன்றும் பேசவில்லை. பேச வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

கேள்விகளில் ஒன்றை மட்டும் ஒருபோதும் விட்டுவிடாதீர்கள்: கழுத்தை நெரித்திருக்கிறாரா? பலருக்கு வெளியே தடமே இருக்காது. குரல் கம்முதல், விழுங்கும்போது வலி, நினைவில் ஓர் இடைவெளி, இவ்வளவுதான் தெரியும். அதனால் பெண்களே அதை அடிகளில் ஒன்றாக எண்ணுவதில்லை. ஆனால் அப்படி நெரிக்கப்பட்டவர்கள் பின்னால் அதே துணைவரால் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் என்று 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு கண்டது. ஆம் என்று பதில் வந்தால், அன்றே மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். ஆபத்து எவ்வளவு என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சொன்ன பிறகும் முடிவு அவருடையதுதான்.

பாலியல் வன்முறை வழக்குகளுக்கு வருகிறேன். அங்கே கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு முன்னதாகவோ அவ்வளவு நல்லது. அவசரக் கருத்தடைக்கு அதிகபட்சம் ஐந்து நாள். இந்த இரண்டும் காவல் நிலையத்துக்குப் போவதா வேண்டாமா என்ற முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. குளித்துவிட்டு வந்தவரிடம் "ஏன் குளித்தீர்கள்" என்று யாராவது கேட்டால் குறுக்கிடுங்கள். குளித்த பிறகும் பரிசோதனைக்குப் பயன் உண்டு. பரிசோதனையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் அனுமதி கேட்கப்பட வேண்டும், எந்த இடத்திலும் போதும் என்று அவர் நிறுத்தலாம். இதை அவர் காதில் விழும்படி மருத்துவரிடம் சொல்வதற்குத்தான் நீங்கள் அந்த அறையில் இருக்கிறீர்கள். என்ன நடந்தது என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை, அன்று அதைக் கேட்கப் போதுமான ஆட்கள் இருப்பார்கள்.

அவர் அழாமல், கேட்டதற்கு மட்டும் நிதானமாகப் பதில் சொல்வதைப் பார்த்து மற்றவர்கள் சந்தேகப்படக்கூடும். வன்புணர்வுக்குப் பின் பாஸ்டன் நகர மருத்துவமனைக்கு வந்தவர்களை நேரில் கண்டு பேசி ஆன் பர்ஜெஸ், லிண்டா ஹோம்ஸ்ட்ரம் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1974இலேயே இத்தகைய அடங்கிய நிலையைப் பதிவு செய்துவிட்டார்கள். ஏன் கத்தவில்லை என்பதற்கும் பதில் உண்டு: ஸ்டாக்ஹோமில் வன்புணர்வுக்குப் பின் அவசரச் சிகிச்சைக்கு வந்த ஏறத்தாழ முந்நூறு பெண்களிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், பத்தில் ஏழு பேர் அந்த நேரத்தில் உடல் உறைந்து அசைய முடியாமல் போனதைச் சொல்லியிருந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பலர் இதைத் தம் குற்றமாகவே சுமந்து திரிகிறார்கள். உடல் தானாகச் செய்வது அது என்று ஒருவர் எடுத்துச் சொல்லும்போது முகம் மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

உங்கள் தூக்கத்தைப் பற்றி. பிறரின் வதையைத் தொடர்ந்து கேட்பவரின் உள்ளத்தில் அது படியும் என்பதை மெக்கேன், பெர்ல்மன் என்ற இரு உளவியலாளர்கள் 1990இல் பெயரிட்டு விவரித்தார்கள். ஆகவே இது உங்கள் தகுதிக் குறைவுக்கு அடையாளம் அல்ல. இதற்கு நடைப்பயிற்சியும் இசையும் பரிந்துரைக்கும் பயிலரங்குகள் மீது எனக்குப் பெரிய மதிப்பில்லை. ஒருவர் தலையில் தாங்க முடியாத அளவுக்கு வழக்குகளை ஏற்றிவிட்டு, மூச்சுப் பயிற்சி செய் என்பது அமைப்பு தன் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வழி. ஒரே நேரத்தில் உங்களிடம் எத்தனை வழக்குகள் இருக்கலாம் என்பதற்கு வரம்பு கேளுங்கள். வழக்கின் முன்னேற்றத்தை மட்டுமல்லாமல் அது உங்களை என்ன செய்கிறது என்பதையும் பேசுவதற்கு, நிர்வாகப் பொறுப்பில் இல்லாத ஒரு மேற்பார்வையாளரையும் மாதம் ஒருமுறையாவது குறித்த நேரத்தையும் கேளுங்கள். இதை எழுத்திலேயே கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். திரும்பிப் போன அந்தப் பெண்ணின் வழக்கை முதல் சந்திப்பிலேயே எடுத்துப் பேசலாம்.