தந்தையைப் படமெடுத்த மகன்

வணக்கம். 'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரில், உணர்ச்சியைக் காட்டாத, கூரிய காதுகள் கொண்ட வேற்றுக்கிரகவாசி ஸ்பாக்காக நடித்த லியோனார்ட் நிமோயைப் பற்றிய 'ஃபார் தி லவ் ஆஃப் ஸ்பாக்' (2016) ஆவணப்படத்தைப் பார்த்தேன். இயக்கிய மகன் ஆடம் நிமோய் பாதிப் படத்தில் தன் மனக்குறையைத்தான் பேசுகிறார். அஞ்சலிப் படத்தில் வீட்டுச் சண்டைக்கு என்ன வேலை?
— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பாதி என்பது உங்கள் எரிச்சல் போட்ட கணக்கு. ஆனால் கேள்வி நியாயமானது. தொடரின் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி, தந்தையின் சம்மதத்தோடு, ஸ்பாக் என்ற பாத்திரத்தைப் பற்றி எடுக்கத் தொடங்கிய படம் அது. 2015 பிப்ரவரியில் நிமோய் இறந்துவிடவே, பாத்திரத்தைத் தாண்டி மனிதரைப் பற்றியும் பேச வேண்டியதாயிற்று.

நிமோய் அடிப்படையில் ஒரு குணச்சித்திர நடிகர். அப்படிப்பட்டவருக்கு வசனத்தாளில் கிடைப்பது கொஞ்சம்தான், மீதியைத் தன் கையிலிருந்து போட வேண்டும். ஒரு காட்சியில் எதிராளியைத் துப்பாக்கிக் கட்டையால் அடிக்கச் சொன்னபோது, அது ஸ்பாக்கின் இயல்புக்குப் பொருந்தாது என்று சொல்லி, கழுத்தோரம் விரல் வைத்து மயக்கமுறச் செய்யும் பிடியை முன்வைத்தவர் அவரே. உள்ளங்கையைக் காட்டி, நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையே பிரித்துப் பிடிக்கும், 1967இல் வந்த அந்தப் புகழ்பெற்ற விரல் வணக்கமும் அவர் கொண்டுவந்ததுதான். பாஸ்டனில் சிறுவனாக யூதத் தொழுகைக் கூடத்தில் நின்றபோது, குருக்கள் ஆசி வழங்கும் வேளையில் நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று தந்தை சொல்லியிருந்தும், திருட்டுத்தனமாகக் கண் திறந்து பார்த்த கைமுத்திரை அது.

உணர்ச்சியைக் காட்டாத அந்த முகத்துக்கான விலையை வீடு கொடுத்தது. வார இறுதியிலும் ஸ்பாக் தன்னைவிட்டு இறங்க நேரமானதை நிமோயே சொல்லியிருக்கிறார். அந்த ஆண்டுகளில்தான் குடியும் பிடித்துக்கொண்டது. பிற்காலத்தில் மகனும் போதையில் விழுந்து, மீண்டு, தந்தையோடு சமாதானமானார். திரையில் நாம் வியந்த அடக்கம் சாப்பாட்டு மேசையில் மௌனமாக உட்கார்ந்திருந்ததை மகனைத் தவிர வேறு யார் சொல்ல முடியும்? ஆகவே அந்தப் பகுதியை வெட்டியிருந்தால், எஞ்சுவது கூரிய காதுகளுக்குப் போட்ட மாலைதான்.

என் குறை வேறு. ரசிகர் மாநாட்டுக் காட்சிகளும் பிரபலங்களின் புகழ்மொழிகளும் தேவைக்கு மேல் நீள்கின்றன. அவற்றில் ஐந்து நிமிடத்தைக் குறைத்து, 1966இல் தொடர் தொடங்கும் முன் பதினைந்து ஆண்டுகளாகத் துண்டு வேடங்களில் நடித்துக்கொண்டு, வயிற்றுப்பாட்டுக்கு டாக்ஸியும் ஓட்டிய அந்த நிமோய்க்குக் கொடுத்திருக்கலாம்.