ஊர் திரும்பும் படைவீரர்களைப் பற்றிய பழைய நகைச்சுவைப் படங்களுள் முதலில் எதைப் பார்க்கலாம்?

பிரெஸ்டன் ஸ்டர்ஜஸ் எழுதி இயக்கி 1944-இல் வெளிவந்த 'ஹெய்ல் தி காங்கரிங் ஹீரோ' என்ற அமெரிக்கப் படத்தையே முதலில் பார்க்கச் சொல்வேன். இரண்டாம் உலகப் போர் முடிய ஏறக்குறைய ஓராண்டு மீதமிருந்த வேளையில், திரும்பி வரும் வீரனை விட்டுவிட்டு அவனை வரவேற்கும் ஊரை நையாண்டி செய்த படம் அது.

கதாநாயகனின் முழுப்பெயரே ஒரு கேலி: வுட்ரோ லஃபாயெட் பெர்ஷிங் ட்ரூஸ்மித். வுட்ரோ வில்சன் என்ற அமெரிக்கக் குடியரசுத் தலைவரும், லஃபாயெட், பெர்ஷிங் என்ற இரு தளபதிகளும் அவன் பெயரில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் உலகப் போரில் பெல்லோ வுட் களத்தில் அவன் தந்தை இறந்த அன்றுதான் அவன் பிறந்தான். அப்படிப்பட்டவனை, ஓயாத தும்மலை உண்டாக்கும் ஒவ்வாமை நோயைக் காரணம் காட்டி, அமெரிக்காவின் மரைன் படை (கடல்வழிப் போர்ப்படை) ஒரே மாதத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. வீட்டுக்குப் போக முகமில்லாமல் அவன் கப்பல் கட்டும் தளத்தில் வேலைக்குச் சேர்ந்து, போர்முனையிலிருந்து எழுதுவதுபோல் தாய்க்குக் கடிதங்கள் அனுப்பிக்கொண்டிருக்கிறான்.

பசிபிக் தீவான குவாடல்கனாலில் போரிட்டுத் திரும்பிய ஆறு மரைன் வீரர்களை ஒரு மதுக்கடையில் அவன் சந்திப்பதிலிருந்து எல்லாம் கைமீறிப் போகிறது. அநாதையாக வளர்ந்த ஒரு வீரனுக்கு, பெற்ற தாயை ஒருவன் தவிக்கவிடுவது பொறுக்கவில்லை. அவனே அந்தத் தாய்க்குத் தொலைபேசியில் செய்தி சொல்லிவிடுகிறான். வீரர்கள் வுட்ரோவுக்குச் சீருடை மாட்டி, பதக்கமும் குத்தி ஊருக்கு இழுத்து வந்தால், ரயில் நிலையத்தில் நான்கு வாத்தியக் குழுக்கள் காத்திருக்கின்றன. எது எப்போது வாசிப்பது என்று தெரியாமல் அவை முட்டிமோத, வரவேற்புக் குழுத் தலைவர் தொண்டை கிழியக் கத்தும் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிரிப்பு அடங்குவதில்லை.

வீட்டுக் கடன் தீர்க்கப்படுகிறது, சிலை வைக்கப் பேச்சு எழுகிறது, கடைசியில் மேயர் பதவிக்கே அவனை நிறுத்துகிறார்கள். அவன் உண்மையைச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் ஊரார் அதைத் தன்னடக்கம் என்று மெச்சிக்கொள்கிறார்கள். அந்த ஆறு பேரில் ஒருவரான, வில்லியம் டெமரெஸ்ட் நடித்த சார்ஜென்ட்டோ கூசாமல் புளுகிக்கொண்டே போகிறார். உண்மையில் போரிட்டவர்கள் புளுகுவதும், போர்முனையைக் காணாதவன் கூனிக்குறுகி நிற்பதுமே இந்தப் படத்தின் நுட்பம் என்பேன். வுட்ரோவாக நடித்த எடி பிராக்கனின் வியர்த்த முகமும் தடுமாறும் பேச்சும் இல்லாவிட்டால் இது வெறும் ஆள்மாறாட்டக் கதையாக நின்றிருக்கும்.

ஒரு குறையும் உண்டு. மேடையில் அவன் அழுதபடி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட பிறகு ஊர் அவனை மன்னிக்கும் வேகம் எனக்கு உறுத்துகிறது. அத்தனை நேரம் ஊரைக் குத்திக்காட்டிய இயக்குநர் கடைசிப் பத்து நிமிடங்களில் அதனுடன் சமரசம் செய்துகொண்டதாகவே தோன்றுகிறது. அந்த மன்னிப்பே பெரிய நையாண்டி என்று வாதிடும் நண்பர்களும் எனக்கு உண்டு.

அடுத்ததாக, நகைச்சுவை இரட்டையரான லாரலும் ஹார்டியும் நடித்து 1938-இல் வந்த 'பிளாக்ஹெட்ஸ்'. இது அமைதிக் காலத்தில் எடுக்கப்பட்டதுதான் என்றாலும் விடக்கூடாதது. 1918-இல் முதல் உலகப் போர் முடிந்ததை அறியாமல் லாரல் இருபது ஆண்டுகள் பதுங்குகுழியைக் காவல் காக்கிறார். தின்று எறிந்த டப்பாக்கள் பக்கத்தில் ஒரு குன்றாகவே குவிந்துவிடுகின்றன. ஒரு மணி நேரம்கூட ஓடாத படம் என்பதால், இரண்டையும் ஒரே இரவில் பார்த்துவிடலாம்.